உடைந்தால் யார் பொறுப்பு?

நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டு அரசு உயர்நிலைப் பள்ளிகளில் படித்தவர்களிடம், "உங்கள் பள்ளியில் அறிவியல் ஆய்வகம் இருந்ததா?" என்று கேட்டுப் பாருங்கள். பலர் ஓர் அலமாரியைத்தான் சொல்வார்கள். கண்ணாடிக் கதவு போட்ட மர அலமாரி. தலைமை ஆசிரியர் அறையிலோ, ஆசிரியர்கள் உட்காரும் அறையின் மூலையிலோ நிற்கும். உள்ளே பீக்கர், குடுவை, ஒரு பிப்பெட், வாயு இணைப்பே இல்லாத புன்சன் விளக்கு, லாடக் காந்தம், முப்பட்டகம், பார்மலின் ஜாடிக்குள் நிறம் வெளுத்துப்போன ஒரு தவளை. எப்போதாவது ஒருநாள் அறிவியல் ஆசிரியர் சாவி வாங்கி வருவார். மேசைமேல் ஒரு பொருளை வைத்துச் செய்துகாட்டுவார். முன் பெஞ்சுக்காரர்கள் சோதனையைப் பார்ப்பார்கள். பின் பெஞ்சுக்காரர்கள் முன் பெஞ்சுக்காரர்களின் முதுகைப் பார்ப்பார்கள். மணி அடித்ததும் அந்தப் பொருள் துடைத்து, எண்ணி, உள்ளே வைத்துப் பூட்டப்படும்.

ஆசிரியரைக் குறை சொல்வதற்கில்லை. அலமாரிக்குள் இருந்த ஒவ்வொரு பொருளுக்கும் இருப்புப் பதிவேட்டில் ஒரு வரி உண்டு. ஆண்டுக்கொரு முறை இருப்புச் சரிபார்ப்பு, பிறகு தணிக்கை. பீக்கர் உடைந்தால் அதைப் பதிவேட்டில் எழுதி, கையெழுத்து வாங்கி, கழிவு செய்ய அனுமதி கேட்டு மேலிடத்துக்கு எழுத வேண்டும். பணிமாறுதலில் போகும்போது பொறுப்பு ஒப்படைக்க வேண்டும். கணக்கு உதைத்தால் கைக்காசு போய்விடுமோ என்ற பயம். இத்தனை வம்பு எதற்கு? பூட்டி வைத்துவிட்டால் எதுவும் உடையாது. எதுவுமே உடையாத ஆய்வகம்தான் தணிக்கையின் கண்ணுக்கு நல்ல ஆய்வகம்.

இன்று நிலைமை வெகுவாக மாறியிருக்கிறது. பொருள்கள் பள்ளிக்கு வந்துவிட்டன. பையிலும் பெட்டியிலும் தனி அறையாகவும் வந்திருக்கின்றன. ஆனால் உடைந்தால் யார் பொறுப்பு என்ற அந்தப் பழைய கேள்வி மட்டும் பள்ளியை விட்டுப் போகவில்லை. அறிவியலோ பொறியியலோ சுற்றுச்சூழலோ, பிள்ளைகள் கையால் செய்து கற்கிறார்களா என்பது அந்தக் கேள்விக்குப் பள்ளி சொல்லும் பதிலைப் பொறுத்தே அமைகிறது. இந்த அரை நூற்றாண்டு மாற்றத்தை அந்தக் கேள்வியை வைத்தே அளந்து பார்க்கலாம்.

தக்ளி இருந்த காலம்

அலமாரிக்கு முன்பே பள்ளியில் கைவேலை இருந்தது. 1937இல் வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து அதைச் சுற்றிக் கணக்கையும் அறிவியலையும் மொழியையும் கற்பிக்கச் சொன்னது. சின்னாளப்பட்டிக்கு அருகில் 1947இல் தொடங்கிய காந்திகிராமம் அந்த வழியில் நடந்தது. மற்றப் பள்ளிகளிலும் தக்ளி என்ற கைக்கதிரில் நூல் நூற்கும் பிரிவேளை இருந்தது. நெசவு ஆசிரியர், கைத்தொழில் ஆசிரியர் என்று தனிப் பணியிடங்கள் இருந்தன. பள்ளித் தோட்டத்துக்குப் பிள்ளைகள் முறைவைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள்.

தக்ளி சாதாரணப் பொருளில்லை. அடியில் இருக்கும் வட்டத் தகடுதான் சுழற்சியைத் தாங்கி நிறுத்துகிறது. தகடு சிறிதானால் சீக்கிரம் நின்றுவிடும். பெரிதானால் நூல் அறும். முறுக்கு ஏற ஏற ஓர் அளவுவரை நூலின் வலு கூடும். சுழற்சி நிலைமம், இழுவிசை என்று பிற்பாடு பொறியியல் கல்லூரியில் படிப்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் நூற்பு வகுப்பு வேறு, இயற்பியல் வகுப்பு வேறு என்றே பெரும்பாலான பள்ளிகளில் ஓடியது. தக்ளி சுற்றிய கைக்கு அந்தத் தகட்டின் காரணத்தை யாரும் சொல்லவில்லை. காரணம் படித்தவன் தக்ளியைத் தொடவில்லை.

இங்கே தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு திருப்பம் உண்டு. 1953இல் ராஜாஜி அரசு தொடக்கப் பள்ளி நேரத்தைப் பாதியாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைப் பழகட்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று பெரியாரும் திராவிட இயக்கத்தவரும் எதிர்த்தார்கள். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. 1954இல் ராஜாஜி விலக, காமராசர் முதல்வரானார், திட்டம் கைவிடப்பட்டது. எதிர்த்தது நியாயம்தான். செருப்புத் தைப்பவர் பிள்ளை செருப்பும், முடி திருத்துபவர் பிள்ளை கத்தரிக்கோலுமாகவே நிற்க வேண்டும் என்றால் பள்ளி எதற்கு? ஆனால் அந்தச் சண்டையின் நினைவு ஒரு நிழலையும் விட்டுப்போனது. கைவேலை என்றாலே சந்தேகத்தோடு பார்க்கும் மனம் பெற்றோருக்கு வந்தது. தன் கை காய்த்துப்போன தகப்பன், பிள்ளையின் கை பேனாவை மட்டும் பிடிக்க வேண்டும் என்று விரும்பினார். அந்த விருப்பத்தின் வலி புரிகிறது. அதன் விளைவாக, கைத்தொழில் பிரிவேளை மெல்ல மெல்லத் தேர்வுப் பாடங்களுக்குக் கடன் கொடுக்கும் பிரிவேளையாக ஆகிப்போனது.

விடை முதலில், அளவு பிறகு

1978இல் மேல்நிலைக் கல்வி வந்தது. பிளஸ் டூ பள்ளி என்றால் ஆய்வகம் கட்டாயம். இயற்பியலுக்கு ஓர் அறை, வேதியியலுக்கு ஓர் அறை, உயிரியலுக்கு ஓர் அறை. நீள மேசைகள், தண்ணீர்க் குழாய், லேப் அட்டெண்டர். பாடத்துக்கு 200 மதிப்பெண்ணில் 50 பிராக்டிகலுக்கு. அலமாரியிலிருந்து அறைக்கு வந்தது பெரிய தாவல்தான்.

ஆனால் அந்த அறைக்குள் நடந்தது என்ன? தனி ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 980 வரவேண்டும் என்று எல்லோருக்கும் முன்பே தெரியும். ஊசல் ஆடுவதற்கு முன்பே நோட்டில் 980 ஆடிவிடும். பிறகு அதற்குத் தோதாக அலைவு நேரத்தைப் பின்னிருந்து கணக்கிட்டு எழுதுவார்கள். ரெக்கார்டு நோட்டு முந்திய ஆண்டு அண்ணனுடையதிலிருந்து வரிக்கு வரி இறங்கும். படங்கள் கார்பன் தாள் வழியாக. உப்புப் பகுப்பாய்வில் கொடுக்கப்போகும் உப்பு எது என்று தேர்வுக்கு முதல்நாளே அரசல்புரசலாகத் தெரிந்துவிடும். 978 வந்தால் ஏன் வந்தது, 1010 வந்தால் கயிற்றின் நீளத்தை எங்கிருந்து எங்குவரை அளந்தாய் என்று கேட்கிற இடத்தில்தான் அறிவியல் தொடங்குகிறது. அங்கே நிற்க நேரமில்லை, எக்ஸ்டெர்னல் எக்ஸாமினர் வந்துகொண்டிருக்கிறார்.

அதற்குக் கீழே, ஆறு முதல் பத்து வரையிலான வகுப்புகளுக்கு அதுகூட இல்லை. அறிவியல் புத்தகத்தில் 'செய்து பார்' என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கும். அதையும் படித்து ஒப்பித்தவர்கள் நாம். மஞ்சள் தூளில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைக்கும் எல்லா வீட்டிலும் தெரிந்த விஷயம். அதுவேதான் காரத்தைக் காட்டிக்கொடுக்கும் நிறங்காட்டி என்று வகுப்பில் சொல்லியவர் அரிது.

சந்தையில் கிடைத்த ஆய்வகம்

மாற்றத்தின் ஒரு முக்கிய ஊற்று மத்தியப் பிரதேசத்தின் நர்மதைக் கரையில் பிறந்தது. 1972இல் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கியது. கிஷோர் பாரதி, ரசூலியாவில் இருந்த நண்பர்கள் கிராம மையம் ஆகிய இரு அமைப்புகள் அதை நடத்தின. அனில் சத்கோபால் உள்ளிட்ட விஞ்ஞானிகளும் கல்லூரி ஆசிரியர்களும் கிராமப் பள்ளி ஆசிரியர்களோடு உட்கார்ந்து பாடத்தை எழுதினார்கள். நான்கு நான்கு பேராகப் பிள்ளைகள் குழுப் பிரிந்து எல்லாச் சோதனையையும் தாங்களே செய்வார்கள். புத்தகத்தில் விடை இருக்காது, கேள்விதான் இருக்கும். தேர்வுக்குப் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோகலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. 1978இல் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் அது விரிந்தது. 1982இல் ஏகலவ்யா என்ற அமைப்பு பிறந்து பொறுப்பேற்றது.

1978இல் அங்கே போய்ச் சேர்ந்தவர்களில் ஒருவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐஐடியில் படித்து, புனேயில் லாரி தயாரிக்கும் டெல்கோ நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர். விடுப்பு எடுத்துக்கொண்டு போனார். ஊர்ச் சந்தையில் கிடைத்த சைக்கிள் வால்வ் ட்யூபும் தீக்குச்சியும் அவர் கையில் பாடமாயின. வால்வ் ட்யூபின் துளைக்குள் தீக்குச்சி இறுக்கமாகப் போய் உட்காரும். மூன்று குச்சியை இணைத்தால் முக்கோணம். எப்படி அழுத்தினாலும் வடிவம் மாறாது. நான்கை இணைத்தால் சதுரம். விரல் பட்டதும் சாய்ந்துவிடும். குறுக்கே ஒரு குச்சி கொடுத்தால் சாய்வது நின்றுபோகும். ஓட்டு வீட்டின் கூரைச் சட்டமும், ரயில் பாலமும், வயலில் நிற்கும் மின்கோபுரமும் ஏன் முக்கோணம் முக்கோணமாக இருக்கின்றன என்பது ஐந்து நிமிடத்தில் பிள்ளையின் விரலுக்குத் தெரிந்துவிடும்.

அவர் வழியாகப் பரவியவற்றில் இன்னொன்று மின்மோட்டார். மோட்டார் ரீவைண்டிங் கடையில் கிடைக்கும் எனாமல் பூசிய செப்புக் கம்பியை ஒரு டார்ச் செல்லைச் சுற்றிப் பத்துச் சுற்று வளைத்து எடுத்தால் ஒரு வளையம் வரும். இரு பக்கமும் வால் மாதிரிக் கொஞ்சம் கம்பியை நீட்டிவிட வேண்டும். செல்லின் இரு முனையிலும் ஓர் ஊக்கை வைத்து, சைக்கிள் ட்யூபிலிருந்து வெட்டிய ரப்பர் பட்டையால் இறுக்க வேண்டும். ஊக்கின் துளைகளில் கம்பி வால்களைச் செருகினால் வளையம் தொங்கும். அடியில், செல்லின்மேல் ஒரு காந்தம். பழைய ஸ்பீக்கரை உடைத்தால் கிடைக்கும்.

இனிமேல்தான் வேலை. கம்பியின் எனாமலைச் சுரண்டினால்தான் மின்சாரம் போகும். பிள்ளைகள் இரண்டு வாலையும் முழுக்கச் சுரண்டுவார்கள். வளையம் இப்படியும் அப்படியும் உதறிவிட்டு நின்றுவிடும். ஒரு வாலை முழுக்கவும் மற்றொன்றை ஒரு பக்கம் மட்டுமாகப் பாதியும் சுரண்டினால் மோட்டார் விர்ரென்று சுற்றும். காரணம் இதுதான்: மின்சாரம் விடாமல் போனால் முதல் அரைச் சுற்றில் கிடைக்கும் தள்ளு, அடுத்த அரைச் சுற்றில் எதிர்த் தள்ளாக ஆகிவிடும். பாதி எனாமல் அந்த இரண்டாவது அரைச் சுற்றில் மின்சாரத்தை அறுத்துவிடுகிறது. ஊஞ்சலை ஒரு பக்கம் போகும்போது மட்டும் தள்ளுகிற மாதிரி. பெரிய மோட்டார்களில் கம்யூட்டேட்டர் செய்யும் வேலையை இங்கே ஒரு பிளேடு சுரண்டல் செய்துவிட்டது. கம்பி அறுந்தால் வேறு கம்பி. பதிவேட்டில் வரி கிடையாது, கணக்கு உதைக்காது. மலிவு என்பதன் உண்மையான பலன் பணம் மிச்சமாவதில் இல்லை. கெட்டுப்போகலாம் என்ற அனுமதி அதோடு வந்துவிடுகிறது.

ஹோஷங்காபாத் திட்டத்தை 2002இல் மாநில அரசு நிறுத்தியது. ஆனால் அதே எண்ணம் வேறு நிலங்களிலும் முளைத்திருந்தது. தமிழ்நாட்டில் 1980இல் உருவான தமிழ்நாடு அறிவியல் இயக்கமும், 'துளிர்' சிறுவர் மாத இதழும், 1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடும் அதே வகைப் பயிர்கள். அந்த மாநாட்டுக்காகப் பிள்ளைகள் தங்கள் ஊர்க் குப்பையை எடைபோட்டார்கள், ஏரிக்கு வரும் வரத்துக் கால்வாய் எங்கே அடைபட்டிருக்கிறது என்று நடந்து பார்த்து வரைந்தார்கள்.

சுவரில் இறங்கிய கரும்பலகை

அரசும் சும்மா இருக்கவில்லை. 1986 தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து 1987இல் கரும்பலகைத் திட்டம் வந்தது. தொடக்கப் பள்ளிகளுக்கு இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், அவற்றோடு ஓர் அறிவியல் பெட்டியும் சிறு கருவிப் பெட்டியும். பல பள்ளிகளில் அந்தப் பெட்டி வந்த கோலத்திலேயே பீரோவின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. பயிற்சி இல்லாமல் வந்த பெட்டி. பதிவேட்டில் ஏறிய பெட்டி. வேறென்ன நடக்கும்?

உண்மையான மாற்றம் அதற்குப் பிறகு, எதிர்பாராத இடத்தில் தெரிந்தது. 2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளியின் ஏணிப்படி முறையிலிருந்து ஊக்கம் பெற்று, மாநகராட்சிப் பள்ளிகளில், படிப்படியான அட்டைகளைக் கொண்டு பிள்ளை தன் வேகத்தில் கற்கும் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். 2007-08இல் அது மாநிலம் முழுவதும் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. அந்தத் திட்டத்தைப் பற்றி வாதங்கள் பல உண்டு: அட்டைகள் தீர்ந்தன, ஆசிரியர் பற்றாக்குறை, பதிவுகள் எழுதியே நேரம் போயிற்று. ஆனால் இரண்டு காரியங்களை அது செய்தது. கற்றல் அட்டைகளைப் பிள்ளையின் கைக்கு எட்டும் தட்டுகளில் வைத்தது. அவரவர் போய் எடுத்துக்கொள்ளலாம். சுவரில் பிள்ளைகளின் உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகையை இறக்கியது. ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம். சாவி இல்லாத அலமாரி அரசுப் பள்ளிக்குள் முதன்முதலாக நுழைந்தது அப்போதுதான்.

சமச்சீர்க் கல்விக்குப் பிறகு பத்தாம் வகுப்பு அறிவியலுக்கு 75 மதிப்பெண் எழுத்து, 25 மதிப்பெண் செய்முறை என்றானது. பிளஸ் டூவில் 2017-18க்குப் பின் 70 எழுத்து, 20 செய்முறை, 10 அகமதிப்பீடு. கை செய்யும் வேலைக்கு மதிப்பெண் பட்டியலில் ஓர் இடம் உறுதியானது.

இன்று வந்திருப்பவை

2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு வானவில் மன்றத்தைத் தொடங்கியது. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகள், 13,000க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகள். கருத்தாளர்கள் சோதனைப் பொருள்களோடு பள்ளிக்கே வருகிறார்கள். செம்பருத்தி இதழைக் கசக்கிச் சாறெடுத்து, எலுமிச்சை பிழிந்தால் சிவக்கிறது, சோப்புத் தண்ணீர் விட்டால் பச்சையாகிறது என்று பிள்ளைகள் தாங்களே பார்க்கிறார்கள். "அப்ப நம்ம போர் தண்ணிய ஊத்தினா என்ன ஆகும், சார்?" என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் அன்றைய வகுப்பு வெற்றி. முதுகைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மத்திய அரசின் நிதி ஆயோக், 2016 முதல் அடல் டிங்கரிங் ஆய்வகங்களுக்குப் பணம் தருகிறது. ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை. த்ரீடி பிரிண்டர், சென்சார்கள், ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகை, ஸ்க்ரூ டிரைவர், சால்டரிங் அயர்ன். நாடு முழுவதும் 10,000க்கும் மேற்பட்ட பள்ளிகளில் இவை அமைந்திருக்கின்றன; அடுத்த ஐந்து ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் மேலும் 50,000 என்று 2025 பட்ஜெட் அறிவித்தது. ஆர்டுயினோவே இத்தாலியின் இவ்ரேயா நகரில் 2005இல் மாணவர்களுக்காக மலிவாக உருவான பலகைதான்; வடிவமைப்பு எல்லோருக்கும் திறந்திருப்பதால் உள்ளூர்ச் சந்தையில் இன்னும் மலிவாகக் கிடைக்கிறது. மண்ணின் ஈரத்தை அறிந்து தானே தண்ணீர் விடும் கருவியை எட்டாம் வகுப்புப் பெண் செய்கிறாள். அவள் அம்மா பள்ளியில் படித்த காலத்தில் சால்டரிங் அயர்னைத் தொட ஐடிஐக்குத்தான் போக வேண்டும். அங்கும் பையன்கள்தான் அதிகம்.

செல்போனும் சேர்ந்துகொண்டது. அரவிந்த் குப்தாவின் பொம்மைகள் தமிழ் உட்படப் பல மொழிகளில் வீடியோவாகக் கிடைக்கின்றன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் குழு 2014இல் அறிமுகப்படுத்திய ஃபோல்ட்ஸ்கோப், காகிதத்தை மடித்துச் செய்யும் நுண்ணோக்கி. குட்டைத் தண்ணீரில் நெளியும் உயிர்களை ஏழாம் வகுப்புப் பிள்ளை தன் கண்ணால் பார்க்கலாம். கீழே விழுந்தால் கண்ணாடி உடையாது.

தெர்மாகோல் பூமி

இத்தனைக்கும் பிறகு மாறாதவை எவை?

முதலாவது, பூட்டு. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பார்கள். லட்சங்கள் போட்ட அறை என்றால் அலமாரியைவிடப் பெரிய பூட்டுத் தொங்குவது இயல்பு. த்ரீடி பிரிண்டரின் முனை அடைத்துக்கொண்டால் சரிசெய்ய ஆளில்லை. அதனால் விருந்தினர் வரும் நாளில் மட்டும் அது ஓடும். பழைய பீக்கருக்கு நேர்ந்ததே இதற்கும் நேர்கிறது. வானவில் மன்றத்தில் பூட்டு இல்லை. ஆனால் திட்டம் தொடங்கியபோது அமர்த்திய கருத்தாளர்கள் 710 பேர். ஒருவருக்கு ஏறத்தாழ 18 பள்ளிகள். அவர் வந்துபோன பின் அடுத்த வருகைவரை என்ன நடக்கிறது என்பது அந்தப் பள்ளியின் அறிவியல் ஆசிரியர் கையில்தான் இருக்கிறது.

இரண்டாவது, திரை. செய்ய வேண்டிய சோதனையை ஸ்மார்ட் போர்டில் ஓட்டிக் காட்டுவது சுலபம். உடையாது, சிந்தாது, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பாதி எனாமலைச் சுரண்டாத மோட்டார் வீடியோவில் உதறி நிற்பதில்லை. பிழையே வராத சோதனையில் பிள்ளை கேட்பதற்குக் கேள்வியும் வராது.

மூன்றாவது, கண்காட்சி. அறிவியல் கண்காட்சி நெருங்கினால் ஸ்டேஷனரிக் கடைகளில் ரெடிமேட் மாடல்கள் விலைக்கு வருகின்றன. எரிமலை, காற்றாலை, மழைநீர் சேகரிப்பு, 'பூமியைக் காப்போம்'. எல்லாம் தெர்மாகோலில். தமிழ்நாட்டில் தெர்மாகோல் தட்டுக்கும் கப்புக்கும் 2019 ஜனவரி 1 முதல் தடை. ஆனால் பூமியைக் காக்கும் மாடலுக்குத் தெர்மாகோல் பலகை இல்லாமல் முடியவில்லை. பரிசு வாங்கிய மறுநாள் அது பள்ளியின் பின்சுவருக்கு அப்பால் கிடக்கும்.

சுற்றுச்சூழல் பாடம் இன்று எல்லா வகுப்பிலும் உண்டு. சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991இல் உச்சநீதிமன்றம் இட்ட உத்தரவு அதற்கு ஒரு காரணம். அதன்பின் தேசியப் பசுமைப் படை, சுற்றுச்சூழல் மன்றம் என்று அமைப்புகளும் வந்தன. அன்றைய பள்ளியில் அந்தப் பாடம் இல்லை. ஆனால் பழைய நோட்டின் வெற்றுத் தாள்களைத் தைத்துப் புது நோட்டாக்கினோம், அண்ணனின் புத்தகத்தைத் தம்பி படித்தான். வறுமை செய்த வேலை அது. அதைப் பெருமையாகப் பேசி அந்தக் காலத்துக்குத் திரும்பச் சொல்வதில் அர்த்தமில்லை. இன்று கையில் இருக்கும் வசதியோடு, சூழலைக் கையால் அளக்கக் கற்றுக்கொடுக்கலாம் என்பதே நான் கேட்பது.

அதற்குக் கருவி பள்ளியின் சுவரிலேயே இருக்கிறது. 2003இல் தமிழ்நாடு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது; மொட்டைமாடியிலிருந்து இறங்கும் குழாய் எல்லாப் பள்ளியிலும் தெரியும். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் மேல் பகுதியை வெட்டி, தலைகீழாக அதன் வாயிலேயே புனலாகச் செருகுங்கள். அடியில் கூழாங்கல் போட்டு, பாட்டிலின் அகலம் சீராகத் தொடங்கும் இடம்வரை தண்ணீர் ஊற்றி அங்கே பூச்சியம் குறியுங்கள். மேலே ஓர் அளவுகோலை ஒட்டினால் மழைமானி தயார். மழை விட்டதும் தண்ணீர் 10 மில்லிமீட்டர் ஏறியிருந்தால், 100 சதுர மீட்டர் மாடியில் விழுந்த தண்ணீர் 1,000 லிட்டர். சென்னையின் சராசரி ஆண்டு மழை ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர். அந்த ஒரு மாடிக்கு மட்டும் ஆண்டுக்கு 1,40,000 லிட்டர். பிறகு பிள்ளைகளைக் குழாயின் அடிக்கு அழைத்துப்போய், அந்தத் தண்ணீர் உண்மையில் தொட்டிக்குள் இறங்குகிறதா, குழாய் பாதியில் உடைந்து சாக்கடைக்குப் போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கணக்கு, பொறியியல், சூழல் மூன்றும் ஒரே பிரிவேளையில் முடிந்துவிடும். செலவு, தூக்கிப்போட இருந்த ஒரு பாட்டில்.

இன்னும் செலவில்லாத ஒன்றும் உண்டு. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு இரண்டு நாள் நண்பகலில் நேராக நட்ட குச்சிக்கு நிழல் விழாது. ஏப்ரலில் கன்னியாகுமரியில் முதலில் வரும் அந்த நாள், வடக்கே நகர்ந்து சென்னைக்கு வர இரண்டு வாரம் ஆகிறது. ஒரே நாளில் தெற்கிலும் வடக்கிலும் உள்ள இரண்டு பள்ளிகள் நிழலை அளந்து போனில் பகிர்ந்துகொண்டால் பூமியின் சுற்றளவையே கணக்கிடலாம். அன்று இரண்டு பள்ளிகள் கடிதம்தான் எழுத முடியும். இன்று குச்சியும் இருக்கிறது, போனும் இருக்கிறது.

தீர்மானம் ஒன்று போடுங்கள்

அன்று இல்லாதிருந்தது பொருள். இன்று பொருள் இருக்கிறது. இல்லாதிருப்பது அது கெடுவதற்கும் தீர்வதற்குமான அனுமதி. ஒரு கருவியை வாங்கும்போதே, ஆண்டுதோறும் அதில் எவ்வளவு உடையும், எவ்வளவு தீரும் என்று கணக்குப் போட்டுப் பணம் ஒதுக்காத திட்டம் எதுவும், எத்தனை கோடியில் வந்தாலும், மூன்றாம் ஆண்டில் அலமாரியாகத்தான் முடியும். இதற்குப் பெரிய கொள்கை மாற்றம் தேவையில்லை. கண்ணாடிப் பொருள், கம்பி, செல், சென்சார் ஆகியவற்றை நிரந்தரச் சொத்துப் பட்டியலிலிருந்து எடுத்து, சாக்பீஸ் மாதிரித் தீர்ந்துபோகும் பொருளாகக் கணக்கில் எழுதினால் போதும். சாக்பீஸ் தேய்ந்ததற்கு எந்த ஆசிரியரும் விளக்கம் எழுதிக் கொடுத்ததில்லை.

பெற்றோரும் முன்னாள் மாணவர்களும் உள்ளாட்சிப் பிரதிநிதிகளும் இருக்கிற பள்ளி மேலாண்மைக் குழு இன்று எல்லா அரசுப் பள்ளியிலும் இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது, "லேபுக்கு என்ன வாங்கினீர்கள்?" என்று கேட்காதீர்கள், "இந்த வருஷம் லேபில் என்ன உடைந்தது?" என்று கேளுங்கள். எதுவும் உடையவில்லை என்று பதில் வந்தால், உங்கள் பிள்ளைகள் அந்த அறைக்குள் போகவில்லை என்று பொருள். அங்கேயே, அப்போதே, உடைவதற்கும் தீர்வதற்கும் ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய் என்று ஒரு தீர்மானம் போட்டு, கையெழுத்து வாங்கி, தலைமை ஆசிரியரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.